தந்தத்தாற் செய்த மூட்டு

இடுப்பு முறிந்த முதியவரைக் கட்டிலிற் கிடத்தி, "எல்லாம் தலைவிதி" என்று கைவிட்டுவிடுவதை நம்மவர் இல்லங்களில் நாம் பலகாற் கண்டிருக்கிறோம். விதியென்று வாளாவிராது, கெட்ட மூட்டிற்கு மாற்று மூட்டுச் செய்ய முயன்றார் சிலரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

1890-ம் ஆண்டில் பெர்லின் நகரத்து ரண வைத்தியர் டெமிஸ்டோக்லிஸ் குளுக் என்பார், க்ஷயரோகத்தால் அரிக்கப்பட்ட முழங்கால் மூட்டை அகற்றி, யானைத் தந்தத்தாற் செய்த கீலொன்றை அங்கே பொருத்தினார். முதலில் நோயாளிகள் நலமுற்றனர். பின்னர், உள்ளே எஞ்சிய கிருமிகள் தலைதூக்கிச் சீழ் வைக்கவே, முயற்சி வீணாயிற்று. குற்றம் கிருமியினுடையதேயன்றித் தந்தத்தினுடையதன்று. ஆயினும், இச்செய்தியை வைத்தியர் மகாசபையில் அவர் எடுத்துரைக்க வொட்டாமல் அவர்தம் ஆசிரியரான பெர்க்மன் தடுத்தார் என்பர். பெரியவர் அதட்டினால் சிறியவர் வாய்மூடும் வழக்கம் நம்மவர்க்கே உரியதென்று இதுவரை எண்ணியிருந்தோம்!

பிழையை மறைக்காமற் பயன்கொண்டவர் இங்கிலாந்து ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியின் ஜான் சார்ன்லி. தொடையெலும்பின் தலைக்கு ஓர் உலோகக் குண்டும், அது சுழலும் இடுப்புக் குழிக்கு டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளாலாகிய கிண்ணமும் அமைத்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் வலி நீங்கி நடந்தனர். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் கெடுத்தது. சார்ன்லி அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் தீங்கைச் சோதித்தறிந்தார். தாம் வைத்த மூட்டுக்களைத் தாமே திறந்து மாற்றலானார். பிறர் தொடையிற் சோதிப்பது எளிது. தம் தொடையிற் சோதிப்பார் எத்தனை பேர்? 1962-ம் ஆண்டு நவம்பரில் அவர் கையாளத் தொடங்கிய பாலிஎத்திலீன் கிண்ணம் நிலைத்தது. அதன் திருந்திய வகைகளே இன்றும் உலகெங்கும் பொருத்தப்படுகின்றன.

குளுக்கின் தந்தமோ நமக்கு அண்மையிலுள்ள பர்மாவில் மறுபிறப்பெடுத்தது. 1960-ம் ஆண்டில் மாந்தளை நகரத்து டாக்டர் சான் பா, தொடையெலும்பின் கழுத்து முறிந்த 83 வயதுப் பௌத்தப் பிக்குணி ஒருவருக்குத் தந்தத்தாற் செய்த எலும்புத் தலையைப் பொருத்தினார். அதன்பின் சுமார் இருபதாண்டுகளில் முந்நூறு பேருக்கு மேல் அவ்வாறு செய்தார். கிருமியற்ற எலும்பில் தந்தம் நன்றாக ஒட்டிக்கொண்டது. 1969-ல் லண்டன் சென்று தம் அனுபவத்தை வைத்தியர் சபையில் உரைத்தார். அவரை எவரும் தடுத்திலர். அவர் நோயாளிகளிற் பெரும்பாலோர் நடந்ததோடன்றிக் குந்தியும் உட்கார்ந்தனர். நாற்காலியிலேயே அமர்ந்து பழகிய நாட்டினர்க்கு இது சிறு செய்தி. தரையிலமர்ந்து உண்ணும் நம்மனோர்க்கோ இதுவே பாதி வாழ்வு.