காணி, உறுதி, உரிமை: வலிகாமம் வடக்கின் இடப்பெயர்வு

எமது பழைய மாணவரில் இடம்பெயராதவர் அரிது. ஆனால் இடப்பெயர்வின் வரலாற்றையும் அதில் எமக்குள்ள உரிமையையும் அறிந்தவர் குறைவு. ஆகவே இச்சிறு கட்டுரை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாகின. மயிலிட்டியில் தொழிலுக்குப் போனவரும், செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செய்தவரும் நிவாரண வரிசைக்கு வந்தனர். "ரெண்டு கிழமையிலை திரும்பலாம்" என்று சொல்லித்தான் எங்கட சனம் வெளிக்கிட்டது. எங்கள் வீடும் அந்த எல்லைக்குள் அகப்பட்டது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். எமது துயரைச் சொல்லும்போது அவர்களின் துயரையும் சொல்வதே நியாயம்.

எல்லை கடந்தவன் அகதி. அவனுக்கு 1951ஆம் ஆண்டின் சர்வதேசச் சமவாயம் உண்டு. நாட்டுக்குள்ளேயே அலைந்தவனுக்கு? 1998இல்தான் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்தன. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் அதற்குத் தலைமை தாங்கினார். அவற்றின் 28ஆம் கோட்பாடு, விருப்பத்துடனும் பாதுகாப்புடனும் மதிப்புடனும் திரும்பவோ வேறிடத்தில் குடியமரவோ வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. 29ஆவது, இழந்த சொத்தை மீட்க உதவுவதும், மீட்க முடியாவிடில் இழப்பீடு கிடைக்கச் செய்வதும் அரசின் பொறுப்பு என்கிறது. ஆனால் இது உடன்படிக்கை அல்ல. அரசைக் கட்டிப்போடும் பலம் இதற்கில்லை.

அதனால்தான் 2009இல் போர் முடிந்தும் காணி வரவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கை அண்டிய 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. இன்னும் முழுதாக முடியவில்லை.

போய்ப் பார்த்தவர்களுக்கோ வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. "இதுதான் எங்கட வளவோ?" என்று கிணற்றை வைத்தே அடையாளம் கண்டார்கள். பத்து ஆண்டு ஆட்சியால் பிறர் உரிமை கோரும் ஆபத்தும் இருந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தை அப்பத்தாண்டுக் கணக்கிலிருந்து நீக்கி வழக்காட வழி திறந்தது.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டிக்குள் கிடக்கும் உறுதியை எடுத்துப் பாருங்கள். நாலு திசை எல்லைகளையும் அயலவர் பெயர்களையும் எழுதி வையுங்கள். இன்றைய மாணவர்களே, ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் போனபின் எல்லை சொல்ல ஆளில்லை.