உயிரின் மூச்சை அளத்தல்: கலச் சுவாச ஆய்வு வரலாற்றில் அளவீட்டின் இடம்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கொள்கைகளுக்கு ஆதாரமாய் அமைந்த கருவிகளும் அளவீட்டு முறைகளும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும், எதனை அளக்க முடிந்தது என்பதே எதனை வினவ முடியும் என்பதை நிருணயித்த துறைகளும் உள. கலச் சுவாசம் பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று. கலம் உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவை அறிதல் ஒன்று. அவ்வளவு எதனை உணர்த்துகின்றது என அறிதல் வேறொன்று. முன்னையதிலிருந்து பின்னையதை ஆய்வாளர் சென்றடைந்த பாதையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவாசம் மெதுவாக நிகழும் ஒரு தகனமே என்பதை அளவீட்டின் துணைகொண்டு நிறுவ முற்பட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே ஆவார். 1780களின் தொடக்கத்தில் அவரும் லப்பிளாசும் கினிப்பன்றியொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்து, உருகிய நீரின் நிறையிலிருந்து அதன் உடல் வெளிவிட்ட வெப்பத்தைக் கணித்தனர். ஆயின் அவர்கள் அளந்தது முழு உடலின் வெப்பத்தையே. அத்தகனம் உடலின் எப்பகுதியில் நிகழ்கின்றது என்பதற்கு அவ்வளவீடு விடை தரவில்லை.

சுவாசம் இழையங்களிலேயே நிகழ்கின்றது என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. 1880களின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ரன் நகரில் மருத்துவத் தொழில் புரிந்த மக்மன் என்பார் பல்வகை விலங்குகளின் இழையங்களை நிறமாலைகாட்டியினூடாக நோக்கி, அவற்றின் நிறமாலையில் கரும்பட்டைகள் தோன்றக் கண்டார். ஈமோகுளோபினிலிருந்து வேறுபட்ட, சுவாசத்தோடு தொடர்புடைய நிறப்பொருளொன்று இழையங்களில் உளது என்பது அவரது முடிபு. ஜேர்மனியின் புகழ்பூத்த அறிஞரான ஹொப்பே-சைலர் இதனை மறுத்தார். தாம் ஆசிரியராயிருந்த ஆய்விதழில் மக்மனின் பதிலை 1890இல் வெளியிட்ட அவர், மேற்கொண்டு விவாதம் வேண்டியதில்லை எனக் குறிப்பெழுதி அதனை முடித்துவைத்தார். 1911இல் மக்மன் காலமானபோது அவரது கண்டுபிடிப்பு ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. இதற்கு ஹொப்பே-சைலரின் செல்வாக்கை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. தாம் கண்ட பட்டைகளை ஒட்சிசன் நுகர்வோடு ஐயமற இணைத்துக் காட்டும் அளவீடு மக்மனிடம் இருக்கவில்லை.

நுகர்வை அளக்கும் வழியைச் செம்மைப்படுத்தியவர் ஒற்றோ வார்பேர்க். குருதியின் வாயுக்களை ஆராய்வதற்கென அமைந்திருந்த அமுக்கமானியை அவர் இழைய ஆய்வுக்கேற்ப மாற்றியமைத்தார். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புடைய இழையச் சீவல்களை ஒரு சிறு குடுவையிலிட்டு, மாறா வெப்பநிலையில் நீர்த்தொட்டியில் குலுக்குவர். வெளிவரும் காபனீரொட்சைட்டைக் குடுவையிலுள்ள காரம் உறிஞ்சிக்கொள்ளும். எனவே அமுக்கத்தில் ஏற்படும் வீழ்ச்சி, நுகரப்பட்ட ஒட்சிசனின் அளவைக் காட்டும். காபனோரொட்சைட்டு சுவாசத்தைத் தடுப்பதையும், ஒளி அத்தடையை நீக்குவதையும் வார்பேர்க் இம்முறையினால் அளந்து, சுவாச நொதியம் இரும்பைக் கொண்டது எனக் காட்டினார். 1931இல் நோபல் பரிசும் பெற்றார்.

அவர் அளந்தது சுவாசத்தின் வேகத்தை. அதில் ஈடுபடும் பொருள்களைக் கண்ணாற் கண்டவர் கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்த டேவிட் கெயிலின். ஈயினமொன்றை ஆராய்கையில் மக்மன் கண்ட அதே பட்டைகளை அவரும் கண்டார். மதுவக் கலங்கலைக் காற்றோடு குலுக்கியபோது அப்பட்டைகள் மறைந்தன. ஒட்சிசன் தீர்ந்ததும் மீண்டும் தோன்றின. 1925இல் அவர் அந்நிறப்பொருளுக்குச் சைற்றோகுரோம் எனப் பெயரிட்டார். மக்மனின் முன்னோடிப் பணியையும் நினைவுகூர்ந்தார். சைற்றோகுரோமின் முக்கியத்துவத்தை ஏற்க வார்பேர்க் நெடுங்காலம் தயங்கினார். வார்பேர்க்கின் நொதியமும் சைற்றோகுரோம் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதைக் கெயிலினும் ஹாட்றீயும் 1939இல் எடுத்துக்காட்டினர். வேகத்தை அளந்தவரும் பொருளைக் கண்டவரும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களையே ஆராய்ந்தனர் என்பது அப்போது புலனாயிற்று.

இந்நிகழ்ச்சி கலத்தினுள் எங்கே நடைபெறுகின்றது என்ற வினா எஞ்சியது. நுணுக்குக்காட்டியில் தென்பட்ட இழை போன்ற மணிகளுக்கு 1898இலேயே பெண்டா என்பார் மைற்றோகொண்டிரியா எனப் பெயரிட்டிருந்தார். நாம் இழைமணி என வழங்குவது இதனையே. 1948இல் ஹொகபூம், சினைடர், பலாடே ஆகியோர் சுக்குரோசுக் கரைசலைப் பயன்படுத்தி, மையநீக்க முறையினால் இழைமணிகளைச் சிதையாது பிரித்தெடுத்தனர். அதனையடுத்து, உணவுப்பொருள்களின் ஒட்சியேற்றமும் அதனோடிணைந்து அடினோசின் முப்பொசுபேற்று உருவாதலும் இழைமணிகளிலேயே நிகழ்கின்றன எனக் கென்னடியும் லெனிஞ்சரும் நிறுவினர்.

அமுக்கமானியால் நிமிடக்கணக்கில் அளந்ததை, பிளாற்றின மின்வாய் செக்கன்கணக்கில் தொடர்ச்சியாக அளக்க இடமளித்தது. மின்வாயை மெல்லிய மென்சவ்வால் மூடி லீலண்ட் கிளார்க் 1956இல் விவரித்த அமைப்பு ஆய்வுகூடங்களில் விரைவிற் பரவியது. இத்தகைய வேகமான அளவீடே 1955இல் பிரிட்டன் சான்ஸும் வில்லியம்ஸும் வகுத்த சுவாச நிலைகளுக்கு அடிப்படையாயிற்று. உணவுப்பொருள் மட்டும் கிடைக்கும்போது இழைமணிகள் மெதுவாகவே சுவாசிக்கும். அடினோசின் இருபொசுபேற்றைச் சேர்த்ததும் வேகம் பன்மடங்காகும். அது முழுவதும் முப்பொசுபேற்றாக மாறியதும் வேகம் மீண்டும் குறையும். இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான விகிதமே சுவாசக் கட்டுப்பாட்டின் அளவாகும். ஒற்றை எண்ணின் இடத்தை ஓர் ஒப்பீடு பெற்றது இங்கேதான்.

அவ்வொப்பீட்டின் பெறுமதி 1962இல் வெளிப்பட்டது. சுவீடனில் சிறுவயது முதலே அளவுமீறிய வியர்வையினாலும் மெலிவினாலும் துன்புற்ற பெண்ணொருவரின் அனுசேப வேகம் மிக உயர்ந்திருந்தது. ஆயின் கேடயச் சுரப்பியின் தொழிற்பாடு அதற்குக் காரணமாயிருக்கவில்லை. ரொல்ஃப் லுஃப்ற், லார்ஸ் ஏர்ன்ஸ்ரர் முதலியோர் அவரது தசையிலிருந்து இழைமணிகளைப் பிரித்தெடுத்து அளந்தனர். இருபொசுபேற்றைச் சேர்க்காத நிலையிலும் அவை ஏறத்தாழ உச்ச வேகத்திற் சுவாசித்தன. எரிபொருள் எரிந்தது, அச்சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று. இழைமணியின் குறைபாட்டினால் விளைந்ததென நிறுவப்பட்ட முதல் நோய் இதுவே. உடலின் மொத்த ஒட்சிசன் நுகர்வை எத்துணைத் துல்லியமாக அளந்திருப்பினும் அக்குறை புலப்பட்டிராது. மிகுந்த வேலையினால் உயர்ந்த நுகர்வையும் கட்டுப்பாடு தளர்ந்ததனால் உயர்ந்த நுகர்வையும் அவ்வெண் வேறுபடுத்திக் காட்டாது.

இன்று ஒட்சிசனுக்கேற்ப ஒளிர்வு மாறும் பொருள்களைக் கொண்டு, பல கல மாதிரிகளை ஒரே வேளையில் அளக்கும் கருவிகள் வந்துள்ளன. அவற்றிலும் முதலில் இயல்பான வேகம் அளக்கப்படும். பின்னர் முப்பொசுபேற்று ஆக்கம் ஒலிகோமைசினால் தடுக்கப்பட்டு, எஞ்சிய வேகம் அதனோடு ஒப்பிடப்படும். கருவி புதியது, வினா 1955இல் எழுந்ததே. மக்மனிடம் அவதானம் இருந்தது, அதற்குத் துணையாகும் அளவு இல்லை. வார்பேர்க்கிடம் அளவு இருந்தது, ஆயின் அது நிகழ்ச்சியின் ஒரு பக்கத்தையே காட்டியது. சான்றொன்றைத் தனியே வைத்து முடிபு கூறாது, பிறிதொன்றோடு ஒப்பிட்டு நிறுத்துக் காணும் முறை வரலாற்று மாணவருக்குப் பழக்கமானதே. கலத்தின் மூச்சை அளந்தோரும் அம்முறையைக் கைக்கொண்டபோதே அவர்தம் எண்கள் பொருள் பெற்றன.