சேற்றில் எது பிடிக்கும்: ரப்பர் டயரா, கேஜ் வீலா?

அக்டோபர் மழை விட்ட மறுநாள், பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையிலுள்ள அத்திபெலே பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மினி டிராக்டரை இறக்கினால் முதல் பத்தடி ஒழுங்காகப் போகும். அதற்குள் பின் டயரில் சாய்வாக நிற்கும் ரப்பர் கட்டைகளின் இடுக்கெல்லாம் செம்மண் அப்பி, சக்கரம் மண்ணுருண்டையாகிவிடும். பிறகு சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வயலில் ஓடும் இரும்புக் கூட்டுச் சக்கரமான கேஜ் வீலைப் பார்த்தவர்களுக்கு அப்போது ஓர் ஆசை வரும்: ரப்பரைக் கழற்றிவிட்டு இரும்பை மாட்டினால் என்ன?

டிராக்டர் முதலில் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடியது. 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரைத் தன் டிராக்டருக்குப் பொருத்தியது. அதன்பின் ஒரே வண்டி வயலிலும் சாலையிலும் ஓட முடிந்தது, இரும்பு மெல்ல ஒதுங்கியது. ஆனால் நெல்வயல் சேற்றை விட்டு மட்டும் அது போகவில்லை. இரண்டும் சேற்றைப் பிடிக்கும் விதம் வேறு என்பதே அதற்குக் காரணம்.

ரப்பர் டயரின் கட்டை மேல்சேற்றைக் கிழித்து இறங்கி, அடியிலுள்ள கெட்டி மண்ணை மிதித்து உந்துகிறது. கெட்டி மண் எட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும். இடுக்கில் ஏறிய சேறு ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வழிந்துவிடவும் வேண்டும். கேஜ் வீல் வெறும் கூடு. அதன் குறுக்குச் சட்டங்கள் சேற்றையே துடுப்புபோலத் தள்ளி முன்னேறும். அப்பிய சேறு சட்டங்களின் இடைவெளியில் விழுந்துவிடும். அகலமாக இருப்பதால் வண்டியின் பாரமும் பரவுகிறது. போகிற போக்கில் சேற்றைக் குழப்பி நடவுக்குப் பதமாக்குவதும் அதுவே. தண்ணீர் கட்டிய களிமண் வயலில் இதற்கு ஈடு இல்லை.

அத்திபெலே மண்ணோ பெரும்பாலும் செம்மண் மேட்டு நிலம். ராகி, காய்கறி, பூச்செடி விளையும் பூமி. மழைக்கு மேல்மண் வழுக்கினாலும் அடி கெட்டியாகவே இருக்கும். இங்கே கேஜ் வீலை ஓட்டினால் ஈர மண் குழம்பி, காய்ந்ததும் இறுகிப்போகும். நெல்லுக்கு வரமான அந்தக் குழம்பல், காற்றோட்டம் கேட்கும் தக்காளி வேருக்குச் சாபம். இன்னொன்று சாலை. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஊடறுத்துப் போகிறது; தொழிற்பேட்டைக்கும் மனைகளுக்கும் நடுவே நிலங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகத் தார்ச்சாலையில் ஏற வேண்டும். கேஜ் வீல் தாரைக் கொத்திக் கிளறிவிடும்.

அப்படியானால் எந்த ரப்பர்? ஆர்-1 என்பது பொது உழவுக்கான டயர். ஆர்-2 நெல்வயலுக்கானது, கட்டை ஏறத்தாழ இருமடங்கு உயரம். ஆர்-3 புல்தரைக்கு, சேற்றில் அது வழுக்கும். கட்டை உயர்ந்தால் நல்லதுதானே என்று ஆர்-2 வாங்கினால், சாலையில் வண்டி அதிரும், கட்டையும் சீக்கிரம் தேயும். அத்திபெலே தோட்டத்துக்கு இடைவெளி அகன்ற ஆர்-1 போதும். ஏரிக்குக் கீழே நெல் வைப்பவர், நடவுக்கு மட்டும் ரப்பர் டயரின் வெளிப்பக்கம் அரை கேஜ் வீலைப் பொருத்திக்கொள்ளலாம்.

மினி டிராக்டருக்கு எடை குறைவு. அதனால் பாரத்தை நம்பாமல் டயரைச் சரியாக வைப்பதே வழி. பின்னால் நின்று பார்த்தால் கட்டைகளின் கூர்முனை வீட்டுக்கூரைபோல மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் நடுமுனை முதலில் மண்ணில் பட்டு, சேற்றை இருபுறமும் ஒதுக்கும். சாலைக்கு ஏற்றிய பவுண்டோடு வயலில் இறங்காதீர்கள்; டயர் நிறுவனம் சொல்லும் குறைந்த அளவுக்குக் காற்றை இறக்கினால் டயர் பரந்து மிதிக்கும்.

பிடிப்பு சரியா என்று பார்க்கச் சாக்பீஸ் துண்டு போதும். பின் டயரில் கோடு போட்டுக் கெட்டித் தரையில் பத்துச் சுற்று ஓட்டி அளந்து பாருங்கள். அது 28 மீட்டர் என்றால், வயலில் கலப்பையோடு அதே பத்துச் சுற்று 24 மீட்டருக்கும் கீழே குறையக் கூடாது. குறைந்தால் டீசல் சேற்றில் கரைகிறது.

டயர் வாங்கப் போகுமுன் ஓர் இரும்புக் கம்பியோடு வயலுக்குப் போங்கள். சேற்றில் குத்துங்கள். ஒரு சாணுக்குள் கெட்டி மண் தட்டினால் ஆர்-1 ரப்பர். அதைவிட ஆழத்தில்தான் தட்டுகிறதென்றால் கேஜ் வீல். ஒரு சாணுக்குள் தட்டியும் வண்டி சுற்றினால், இரண்டு நாள் வெயில் காயட்டும். செம்மண் தானே வழிவிடும்.