எஞ்சின் பழகும் காலம்

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஔவையார் ஓர் உப்பு வண்டியைத் துணைக்கு அழைக்கிறார். வண்டியில் பாரம் மிகுதி. பூட்டிய எருதுகளோ இளையவை. நுகத்துக்கு இன்னும் பழகாதவை. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர்கள், வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் செல்கின்றனர். அந்தச் சேம அச்சைப் போன்றவன் அத்தலைவன். வகுப்பறையில் நாம் உவமையின் பொருத்தத்தை விளக்கிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அதனுள் ஒரு தொழிலறிவும் பொதிந்திருக்கிறது. பழகாத விசையின்மேல் முழுப் பாரத்தை ஏற்றுவது ஆபத்து என்பதே அது. புதுக் கார் வாங்கியவரிடம் மெக்கானிக், "எஞ்சின் செட் ஆகிற வரைக்கும் ரொம்ப மிதிக்காதீங்க" என்று சொல்வதும் ஏறத்தாழ இதையேதான்.

இந்தச் 'செட் ஆகுதல்' என்பது என்ன? எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் ஓடுகிறது. அதற்கும் சிலிண்டரின் உட்சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைப்பவை பிஸ்டன் வளையங்கள். நீராவி எஞ்சின்களின் தொடக்கக் காலத்தில் இந்த இடைவெளியைச் சணல் திணித்தே அடைத்தார்கள். 1852-இல் ஆங்கிலேய ரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம், ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். விரியத் துடிக்கும் அவ்வளையம் தானாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய கார் வரைக்கும் அடிப்படை அதுதான்.

ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருப்பதில்லை. எண்ணெய் தங்குவதற்காக அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். அக்கீறல்களின் முனைகளை வளையங்கள் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அக்காலத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் சூடு மிகுந்து உலோகம் உரசிக் காயப்படும். இதைப் பலரும் அறிவர். மிகவும் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் கேடு உண்டு என்பதைச் சிலரே அறிவர். எரிவாயுவின் அழுத்தம்தான் வளையத்தைச் சுவரோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் போதாவிட்டால் கீறல்களில் எண்ணெய் வெந்து மெழுகுப் பூச்சாகப் படிந்துவிடும். பின்பு வளையம் பொருந்தவே பொருந்தாது. எண்ணெய் குடிக்கும் வண்டியாகிவிடும். எனவே ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றியும் இறக்கியும், சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் ஓட்டுவதே முறை. இளங்காளையைப் பழக்குபவரும் முதலில் வெறும் வண்டியில்தான் பூட்டுவார். ஆனால் தொழுவத்திலேயே கட்டிவைத்துப் பழக்க முடியாது.

அக்காலத்துக் கார்க் கையேடுகள் முதல் 500 மைலை இதற்கென ஒதுக்கின. இங்கிலாந்தில் காரின் பின்கண்ணாடியில், 'எஞ்சின் பழகுகிறது, முந்திச் செல்க' என்னும் பொருளில் ஓர் அட்டையை ஒட்டிவைக்கும் வழக்கமும் இருந்தது. அதாவது, தொழிற்சாலை முடிக்காமல் விட்ட வேலையை வண்டி வாங்கியவரே முடித்துக்கொண்டார். எஞ்சினின் கடைசித் தொழிலாளி அதன் ஓட்டுநர்தான்.

தமிழகத்தில் இந்தக் கடைசித் தொழிலாளியின் பொறுப்பு இன்னும் கூடுதலாக இருந்தது. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தைத் தாமே ஓட்டியபோதும், எஞ்சினும் அதன் உதிரி உறுப்புகளும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஒரு வளையம் முறிந்தால் வண்டி முடங்கிவிடும். அதனால் பழுது பார்ப்பதைவிடப் பழுது வராமல் காப்பதே பிழைப்பாயிற்று. மாட்டு லாடங்களிலிருந்து கழன்று சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்குவதற்கு, டி.வி.எஸ். காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டியதாக மதுரைப் பக்கத்தில் சொல்வதுண்டு. அது டயரைக் காத்த கதை. ஆனால் எஞ்சினைக் காத்த மனப்பாங்கும் அதுவே.

இந்த மனப்பாங்குக்குக் கடுஞ்சோதனையாக வந்தது இரண்டாம் உலகப்போர். பெட்ரோல் அருகியபோது, கரியை அரைகுறைக் காற்றில் எரித்துக் கிடைக்கும் வாயுவால் பேருந்துகள் ஓடின. டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கருவியைச் செய்து விற்றது. கரி வாயுவில் எஞ்சினின் வலு பெரிதும் குறையும். அதைவிடக் கொடியது, வாயுவோடு உள்ளே நுழையும் சாம்பலும் தாரும். வடிகட்டியைத் துப்புரவு செய்யாமல் விட்டால் சாம்பல் வளையங்களை அரித்துவிடும். எஞ்சினின் ஆயுள் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, அது சுவாசிக்கும் காற்றிலும் இருக்கிறது என்ற பாடத்தை ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்த ஆண்டுகளில் கற்றார்கள்.

கரிசல் காட்டுக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே உள்ள மல்லாங்கிணறு, பெயரிலேயே கிணற்றைச் சுமக்கும் ஊர். இத்தகைய ஊர்களின் உழவர்களுக்கு எஞ்சின் முதன்முதலில் அறிமுகமானது பெரும்பாலும் காராக அன்று. கிணற்று மேட்டில் நின்ற ஆயில் எஞ்சினாகத்தான். 1946-இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை நாடெங்கும் பரப்பின. கோடையில் பறக்கும் புழுதியில் கலந்துள்ள நுண்மணல், பிஸ்டன் வளையத்துக்கு உப்புத்தாளுக்கு ஒப்பானது. அதனால்தான் பழைய டிராக்டர்களிலும் கார்களிலும் அடியில் எண்ணெய் ஊற்றிய காற்று வடிகட்டிகள் இருந்தன. புழுதி அந்த எண்ணெயில் சிக்கிச் சேறாகும். உவர்நீரோ ரேடியேட்டரிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் உப்பும் சுண்ணாம்புமாகப் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைத்துவிடும். புழுதி, உவர், வெயில் ஆகிய மூன்றும் கரிசலில் மனிதரை மட்டுமன்றி எஞ்சினையும் சோதித்தன.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. வளையத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நிலை தணியத் தொடங்கியது. ஆனால் உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர், ஒரு குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாக இருந்தது. அதன் எஞ்சின் தேய்ந்தால் எறிவதில்லை, 'போர்' பண்ணுவார்கள். சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. அடுத்த முறை இருபது, பின்பு முப்பது, நாற்பது. அதற்கு மேல் சுவர் தாங்காது என்றால் உள்ளே 'ஸ்லீவ்' என்னும் உறையைச் செருகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சின் புதிதாகப் பிறக்கும். ஒவ்வொரு முறையும் 500 மைல் பழக்க வேண்டும்.

இதை நம் முன்னோரின் சிக்கனம் என்று இன்று வியந்து பேசுகிறோம். அது முழு உண்மையன்று. வேறு வழியில்லாததால்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். பற்றாக்குறையைப் பண்பாடாக எழுதிவைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. ஆயினும் அந்தப் பற்றாக்குறையிலிருந்து ஓர் அறிவு பிறந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் காதும், புகையின் நிறத்தைக் கண்டே வளையத்தின் தேய்வைச் சொல்லும் கண்ணும் அந்தக் காலத்துப் பட்டறைகளில் உருவானவை.

1983-இல் மாருதியும், 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையிலிருந்து சான்ட்ரோவும் வந்தபின் அந்த அறிவின் தேவை குறைந்தது. கீறல்களின் கூர்முனைகளைத் தொழிற்சாலையிலேயே மழுக்கிவிடுகிறார்கள், எண்ணெயும் மேம்பட்டிருக்கிறது. ஓட்டுநர் செய்த கடைசி வேலையின் பெரும்பகுதியை எந்திரமே செய்துவிடுகிறது. எனினும் முதல் 1000 கிலோமீட்டர் அளவுக்கு எஞ்சினை அதிகம் முடுக்க வேண்டாம் என்று இன்றைய கையேடுகள் பலவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்குப்பின் ஆயுளைத் தீர்மானிப்பவை எளிய செயல்களே: காலத்தில் எண்ணெய் மாற்றுவது, புழுதிக் காட்டில் காற்று வடிகட்டியைக் குறித்த நாளுக்கு முன்பே பார்ப்பது, கிணற்று நீருக்குப் பதில் உரிய குளிர்விப்பு நீர்மம் ஊற்றுவது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் முடுக்காதிருப்பது. எண்ணெய் இன்னும் எங்கும் பரவாத அந்தத் தொடக்க நிமிடங்களில்தான் தேய்மானம் மிகுதி.

ஆனால் எஞ்சினின் ஆயுளை இப்போது உலோகம் மட்டும் முடிவு செய்வதில்லை. தனியார் கார்கள் 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் நீக்கப்படுகிறது. நகரத்துக் காற்றை எண்ணும்போது இதைக் குறைகூற முடியாது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்கார் ஆலையும் திறக்கப்பட்டுவிட்டது. மின்மோட்டாருக்குப் பிஸ்டனும் இல்லை, வளையமும் இல்லை. அதனால் இந்தப் பழகும் காலமும் இல்லை.

கலைச்சொல் அகராதிகளில் எஞ்சினின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. ஆனால் செட் ஆகுதல், போர் பண்ணுதல், ஹெட் இறக்குதல், ஆயில் அடித்தல் ஆகிய பட்டறைச் சொற்களை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உமணரின் சேம அச்சை ஒரு புலவர் பாடியதால் அவர்களது தொழிலறிவு 2000 ஆண்டுகளாக நம்மிடம் நிற்கிறது. விருதுநகர்ச் சாலையோரப் பட்டறைகளில் கிரீஸ் படிந்த கைகளோடு நிற்கும் மனிதர்களிடம் உள்ள அறிவை எழுதிவைக்கப் புலவர் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.