காண்டாமிருகத்துக்கு ஒரு வசூல்

1961 ஜனவரியில் எலிசபெத் ராணியோடு இந்தியா வந்த இளவரசர் பிலிப் ராஜஸ்தானில் புலி ஒன்றைச் சுட்டார். அதே வருஷம் தொடங்கப்பட்ட உலக வனவிலங்கு நிதியத்தின் பிரிட்டிஷ் பிரிவுக்குத் தலைவரும் ஆனார். பாசாங்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சுடுவது, காப்பது இரண்டுக்கும் அடியில் இருப்பது காடு தன்னுடையது என்கிற ஒரே நினைப்பு.

காலனிகள் கைநழுவிக்கொண்டிருந்த நேரம் அது. 1960இல் கிழக்கு ஆப்பிரிக்கா போய்வந்த ஜூலியன் ஹக்ஸ்லி, அங்கே விலங்குகள் அழிகின்றன என்று அப்சர்வரில் எழுதினார். டாங்கனிகா விடுதலை பெற்றது 1961 டிசம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்னால் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் காண்டாமிருகத்தைப் போட்டு நிதி கேட்டது, பணம் கொட்டியது. கொடுத்த சாதாரண ஜனங்களின் மனசைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அழிவும் பொய்யில்லை.

படத்தில் இல்லாதவர்கள் மாசாய் மேய்ப்பர்கள். செரங்கெட்டியிலிருந்து 1959இலேயே அவர்களைக் கிளப்பியாயிற்று. அதுவரை அவர்கள் மாடுகளோடு அந்த விலங்குகளும் பிழைத்துத்தானே கிடந்தன? பக்கத்து கோரோங்கோரோவில் இருந்துகொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1974இல் அங்குள்ள எரிமலைப் பள்ளத்திலிருந்தும் வெளியேற்றியது சுதந்திர தான்சானியா.

இதற்கிடையில் 1970இல் நிதியம், தலைக்கு 10,000 டாலர் வீதம் 1,001 பேரிடம் திரட்டத் திட்டம் போட்டது. அந்தப் பெயர்ப்பட்டியலை அது வெளியிடவில்லை.

2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தில் போலீஸ் பாதுகாப்போடு எல்லைக்கல் நட்டார்கள். மறித்த மாசாய்கள்மேல் துப்பாக்கிச் சூடு. அந்த நிலம் இப்போது காப்பகம். உரிமம் வாங்கினால் உள்ளே வேட்டையாடலாம்.