ராக்கெட் எரிபொருள் இருப்பு: கணினி கணக்கிடுவது எப்படி?

பெங்களூரு: சந்திரயான்-2 விண்கலத்துடன் 2019 ஜூலை 15 அதிகாலையில் புறப்படவிருந்த ராக்கெட்டின் கவுன்ட்டவுன், 56 நிமிடங்கள் 24 விநாடிகள் எஞ்சியிருந்தபோது நிறுத்தப்பட்டது. கிரையோஜெனிக் நிலையில் அப்போது எரிபொருள் நிரப்பப்பட்டிருந்தது. அதை வெளியேற்றி, பழுது நீக்கி, மீண்டும் நிரப்பி ஜூலை 22-ல் ராக்கெட்டை ஏவியது பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ.

ஆகவே, ராக்கெட்டின் கொள்ளளவை மட்டும் கொண்டு எரிபொருள் இருப்பைத் தீர்மானிக்க இயலாது. எத்தனை முயற்சிகளுக்கு அது தாங்கும் என்பதே முக்கியம்.

இழப்பு எங்கே?

திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியசிலும், திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் கொதிப்பவை. சேமிப்புக் கலனிலும், டேங்கர் லாரியிலும், குழாய்களைக் குளிர்விக்கும்போதும் அவை ஆவியாகின்றன. நாசாவின் விண்வெளி ஓடத் திட்டத்தில், வாங்கிய ஹைட்ரஜனில் ஏறத்தாழ பாதி இவ்வாறு வீணானது.

குழாய்களைத் தூய்மைப்படுத்த நைட்ரஜனும், தொட்டிகளில் அழுத்தம் ஏற்ற ஹீலியமும் தேவை. 2022 ஏப்ரலில் ஆர்ட்டெமிஸ்-1 ஒத்திகை தாமதமானதற்கு நைட்ரஜன் விநியோகத் தடையும் ஒரு காரணம். ஹீலியத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியுள்ளது.

உருவகப்படுத்துதல் எவ்வாறு?

ஒரு முயற்சி ரத்தாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று எனக் கொள்வோம். இரண்டு முயற்சிகளுக்கான இருப்பு போதாமல் போகும் வாய்ப்பு 9-ல் 1. மூன்று முயற்சிகளுக்கு எனில் 27-ல் 1. ஆனால் நடைமுறையில் ஆவியாதல், டேங்கர் தாமதம், வானிலை, ஆலைப் பழுது ஆகியவையும் சேர்வதால் இந்த எளிய கணக்கு போதாது.

எனவே நிரப்புதல், காத்திருத்தல், ரத்து, வெளியேற்றுதல், மறுவிநியோகம் ஆகிய நிகழ்வுகளைக் கணினி வரிசையாக நடத்திப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் தாமதங்களைத் தற்செயலாக மாற்றி, ஆயிரக்கணக்கான முறை இயக்குகிறது. எத்தனை முறை இருப்பு தீர்ந்தது என்பதிலிருந்து கலனின் அளவு, டேங்கர்களின் எண்ணிக்கை, கொள்முதல் தேதி ஆகியவை முடிவாகின்றன. உள்ளீட்டுத் தரவு தவறானால் முடிவும் தவறாகும்.

எதிர்பாராத தேவை

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம் தமிழகம், கேரள மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் வழங்கியது. இத்தகைய திடீர் தேவைகளையும் மாதிரியில் சேர்த்துப் பார்க்கலாம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திரவ மீத்தேனைப் பயன்படுத்தவுள்ள அடுத்த தலைமுறை ராக்கெட் அங்கிருந்து ஏவப்படும். கையாள வேண்டிய எரிபொருள் வகைகள் கூடுவதால் இக்கணக்கீடு மேலும் அவசியமாகிறது.