ஃபில்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல குண்டூர் கதையைக் கேளுங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, ஊருக்குள்ள இருந்தே வானத்தை போட்டோ எடுக்கணும், எந்த ஃபில்டர் வாங்கலாம்?" மூணு வருஷம் முன்னாடி எனக்கும் இதே கேள்வி இருந்துச்சு. அவசரப்பட்டு ஒண்ணு வாங்கி, காசு போச்சு. ஏன் போச்சுன்னு எனக்குப் புரிஞ்சது 1868-ல் நடந்த ஒரு கதையைப் படிச்ச பிறகுதான்.

1868 ஆகஸ்ட் 18. அன்றைய சென்னை மாகாணத்தின் மேல் முழுச் சூரிய கிரகணம். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். பிரான்ஸிலிருந்து வந்த ஜூல்ஸ் ஜான்சன், குண்டூரில் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் தீக்கொழுந்து மாதிரி எழும் வாயுவைப் பார்த்தார். அந்த ஒளி எல்லா நிறங்களிலும் பரவி இருக்கவில்லை. சில மெல்லிய கோடுகளில் மட்டும் குவிந்து, பளிச்சென்று தெரிந்தது.

ஜான்சனுக்கு உடனே ஒரு யோசனை. பகல் வானத்தின் வெளிச்சம் எல்லா நிறங்களிலும் சிதறிக் கிடக்கிறது. இந்த வாயுவின் வெளிச்சமோ சில கோடுகளில் மட்டும். அப்படியென்றால் அந்தக் கோடுகளை மட்டும் பார்த்தால் போதுமே, கிரகணம் எதற்கு? மறுநாள் முழுச் சூரியன் காயும்போதே அந்தக் கொழுந்துகளைப் பார்த்தும் விட்டார். இன்றைக்கு நாம் 'நேரோபேண்ட்' என்று விற்கிற, வாங்குகிற ஃபில்டர்களுக்குப் பின்னால் இருக்கும் யோசனை இதுதான்.

இதையே ஒரு அன்றாட வேலையாகச் செய்த இடம் நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1904-லிருந்து கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியனைப் படமெடுத்தார்கள். 1912-லிருந்து ஹைட்ரஜனின் எச்-ஆல்ஃபா, அதாவது 656.3. கால்சியம் படங்கள் மட்டுமே நூறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தன. எல்லா ஒளியிலும் எடுத்தால் சூரியன் வெறும் வெள்ளைத் தட்டு, அங்கங்கே கரும்புள்ளி. கால்சியம் ஒளியில் எடுத்தால், காந்தப்புலம் வலுவாக இருக்கும் இடமெல்லாம் திட்டுத்திட்டாக ஒளிரும். இவ்வளவுக்கும் அவர்கள் புதுசாக எந்த ஒளியையும் சேர்க்கவில்லை. மீதி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போ காஞ்சிபுரம், எங்க வீட்டு மொட்டைமாடி. நான் ஸ்கூல் படிக்கும்போது தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு. அதன் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரைச் சுற்றியே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டினால் வானம் ஓரளவு இருட்டாகும். பழைய 'லைட் பொல்யூஷன்' ஃபில்டர்களின் கணக்கு அதுதான். 2015-ல் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் தேசியத் திட்டம் வந்தது. இப்போ எங்க தெருவும் வெள்ளை. வெள்ளை எல்இடி, நீலத்திலிருந்து சிவப்பு வரை பரவிக் கிடக்கும் ஒளி. அதில் எதை வெட்டுவீங்க?

நான் வாங்கினது அந்தப் பழைய கணக்கில் செய்த ஃபில்டர். அதை மாட்டி ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை எடுத்தேன். கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. அதுவும் எல்லா நிறங்களிலும் பரவியதுதான். தெருவிளக்கோடு சேர்த்துக் கேலக்ஸியையும் வெட்டிட்டேன். நிறமும் கெட்டுப்போச்சு. தறி நெய்த எங்க தாத்தா, ட்யூப்லைட்டில் பட்டு நூலின் நிறத்தை நம்பவே மாட்டார்; வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயிலில் பார்ப்பார். "வெளிச்சத்துல இல்லாத கலர் நூல்ல எப்படிடா தெரியும்?" என்பார். ஃபில்டருக்கும் அதே நியாயம்தான். வெட்டிய நிறத்தை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. சாஃப்ட்வேர்காரனே சொல்றேன், நம்புங்க.

அதனால ஃபில்டரோட பேரைப் பார்க்காதீங்க. நீங்க எடுக்கப்போற பொருள் எப்படி ஒளிர்கிறது என்று முதல்ல கேளுங்க. ஓரியன் நெபுலா மாதிரி வாயு தானே ஒளிர்ந்தால், எச்-ஆல்ஃபாவையும் ஆக்ஸிஜனின் 500.7-ஐயும் விடும் 'டூயல் பேண்ட்' ஃபில்டர் எல்இடி தெருவிலும் வேலை செய்யும். டெலஸ்கோப்பில் கண்ணால் பார்க்க மட்டும் என்றால் ஆக்ஸிஜன் ஃபில்டர் போதும்; இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கேலக்ஸி, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றிய தூசி மேகம் என்றால், அது நட்சத்திர ஒளி. அதற்கு ஃபில்டர் காசை பஸ் டிக்கெட்டுக்குப் போடுங்க. வானாய்வாளர் வைணு பாப்பு தன் ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. நல்ல இருட்டுக்கு ஈடான ஃபில்டர் இன்னும் வரலை.

ஒரு எச்சரிக்கை: நான் சொன்ன எந்த இரவு ஃபில்டரையும் மாட்டிச் சூரியனைப் பார்க்காதீங்க. கண் போயிடும். அதற்குத் தனி சோலார் ஃபில்டர்தான்.

என்னோட பழைய ஃபில்டர் இன்னும் டிராயரில் இருக்கு. விற்க மனசில்லை. வாங்குறவரோட தெருவிலும் எல்இடிதானே இருக்கும். அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.